பழைய கெமிக்கல் கழிவு மேட்டுக்குப் பக்கத்தில் நிலம்: 'குரோமியம் இல்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பலாமா?

வடக்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து வாசித்தவன், இன்றுதான் முதல் இழை தொடங்குகிறேன்.

என் சித்தப்பா வட மாவட்டம் ஒன்றில் 60 சென்ட் நிலம் பார்த்திருக்கிறார். ஒரு கிணறு, ஒரு போர், நாலு தென்னை. சுற்றுவட்டார விலையில் பாதிதான் கேட்கிறார்கள். விசாரித்ததில், அங்கிருந்து மேற்கே ஒரு கிலோமீட்டரில் எப்போதோ மூடிப்போன கெமிக்கல் ஆலை ஒன்று இருக்கிறதாம். கழிவு மேடும் அப்படியே கிடக்கிறது. தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு 'குரோம் உப்பு' செய்த இடம் என்கிறார்கள்.

விற்பவர் ஒரு லேப் ரிப்போர்ட் தந்திருக்கிறார். அதில் 'ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்: பி.டி.எல்' என்று இருக்கிறது. சித்தப்பா அதைப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஊர் பெயர் போடவில்லை, யூகித்தவர்களும் போடாதீர்கள். விலைப்பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

சிமென்ட்மூட்டை எழுதியது:

பி.டி.எல் என்றால் கருவி கண்டுபிடிக்கிற அளவுக்குக்கூட இல்லை என்று அர்த்தம் சார். லேபே சொன்னபிறகு என்ன யோசனை? குடிக்க ஒரு ஆர்ஓ மாட்டிக்கொள்ளுங்கள். பாதி விலைக்கு இந்தக் காலத்தில் யார் தருகிறார்கள்?

பியூரெட் எழுதியது:

நிதானம், நிதானம். நான் 19 வருஷம் தண்ணீர் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். முதலில் அந்த ரிப்போர்ட்டில் இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி: மாதிரியை யார் எடுத்தது? எந்தத் தேதியில் எடுத்து, எந்தத் தேதியில் சோதித்தார்கள்? கிணறா, போரா? கண்டறியும் குறைந்தபட்ச அளவு என்று அடியில் பொடி எழுத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா? மொத்த குரோமியமும் பார்த்தார்களா?

வடக்குவாசல் எழுதியது:

சித்தப்பாவிடம் கெஞ்சி போட்டோ வாங்கினேன் அக்கா. 'மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது' என்று இருக்கிறது. எடுத்த தேதியே இல்லை. வந்த தேதி மே 6, சோதித்த தேதி மே 11. 'தண்ணீர்' என்று மட்டும்தான், கிணறா போரா தெரியாது. குறைந்தபட்ச அளவு 0.1 மி.கி./லிட்டர். மொத்த குரோமியம் பார்க்கவில்லை.

பியூரெட் எழுதியது:

நினைத்தேன். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) மொத்த குரோமியத்துக்கு 0.05 மி.கி./லிட்டர். உலக சுகாதார நிறுவனமும் அதையேதான் சொல்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் 0.1-க்குக் கீழே எதுவுமே தெரியாது. அதாவது எல்லையைப்போல ஒன்றே முக்கால் மடங்கு இருந்தாலும் அந்தக் காகிதம் 'இல்லை' என்றுதான் சொல்லும். பொய் சொல்லவில்லை, பாவம். அதன் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அடுத்தது அந்த ஐந்து நாள். குரோமியம் தண்ணீரில் இரண்டு வேஷத்தில் வரும். மூன்று இணைதிறன் கொண்டது பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொண்டு அங்கேயே படுத்துவிடும். ஆறு இணைதிறன் கொண்டது, அதாவது உங்கள் ரிப்போர்ட் சொல்லும் ஹெக்ஸாவேலன்ட், குரோமேட்டாகக் கரைந்து தண்ணீரோடு ஓடும். நமக்கு வில்லன் அதுதான். இந்த ஆறு, பாட்டிலுக்குள்ளேயே மூன்றாக மாறிவிடக்கூடும். இலைதழை, அழுக்கு ஏதாவது இருந்து, வழக்கம்போல நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு விட்டால் இன்னும் வேகமாக மாறும். அதனால்தான் ஆறுக்கான மாதிரியில் அமிலம் சேர்க்காமல், ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும் என்பது விதி. காரத் தாங்கல் கரைசல் சேர்த்தால் 28 நாள் வரை தாங்கும், ஆனால் ஆள் கையில் கொண்டுவருகிற பாட்டிலில் யார் அதைச் சேர்க்கிறார்கள்?

மொத்த குரோமியத்துக்கு வேறு பாட்டில், அதற்கு அமிலம் வேண்டும். இரண்டு பாட்டிலும் ஒரே நாளில் எடுத்திருந்தால்தான் எண்கள் ஒன்றோடொன்று பேசும். ஆறு மொத்தத்தைவிட அதிகமாக வந்தால் லேபில் கோளாறு என்று உடனே பிடித்துவிடலாம். சோதனைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஒன்றை மட்டும் பார்த்தால் இந்தச் சரிபார்ப்பு போய்விடும்.

சிமென்ட்மூட்டை சார், ஆர்ஓ குரோமேட்டைக் கணிசமாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. பிடித்ததைக் கழிவுநீராக வாழைமரத்தடியில்தானே ஊற்றுவீர்கள்?

பாலாற்றுப்பாசி எழுதியது:

ரிப்போர்ட், ரிப்போர்ட்! எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடியது. 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு வெட்டவெளியில். பத்து டன் லாரி என்று வைத்துக்கொண்டால் 20,000 நடை. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகத்தில் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று பட்டியல் போட்டதில் ராணிப்பேட்டையும் ஒன்று. ஐதராபாத்திலிருந்து தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம்கூட வந்து தண்ணீர் எடுத்து எழுதிவிட்டுப் போனார்கள். எத்தனை பேர் பாட்டிலோடு வந்தார்கள் தெரியுமா? மேடு எந்தப் பக்கம் நகர்ந்தது?

கோடையில் அந்த மாதிரி மேட்டுப் பக்கம் போனால் மண்மேல் மஞ்சளாக உப்புப் பூத்திருக்கும். அதைப் பார்க்க லேப் வேண்டாம்.

துளைக்கிணறு எழுதியது:

பாசி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த மஞ்சள் பூப்பதே ஒரு தகவல். கீழே கரைந்திருக்கும் குரோமேட் வெயில் காலத்தில் மண் இடுக்கு வழியாக ஏறி, தண்ணீர் ஆவியானதும் மேலே தங்குகிறது. மழை வந்தால் அதே உப்பு கரைந்து கீழே இறங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில் மட்டும் கிணற்றுத் தண்ணீரை எடுத்தால் பாதிக் கதைதான் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவையும் எடுக்க வேண்டும். விற்பவர் மே மாதத்தில் எடுத்தது தற்செயலாகக்கூட இருக்கலாம், நான் யாரையும் குறை சொல்லவில்லை.

வடக்குவாசல் தம்பி, நான் நிலத்தடி நீர் வேலையில் தலை நரைத்தவன். பாட்டிலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, செலவும் கிடையாது: கேட்பது. ஆலை எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் ஓடியது, என்ன வந்தது, என்ன போனது, கழிவை எங்கே கொட்டினார்கள், மழைக்காலத்தில் எந்த ஓடையில் நிறம் வந்தது? அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருத்தரை டீக்கடையில் பிடித்தால் பாதி ஆய்வு முடிந்தது. பழைய செயற்கைக்கோள் படம், சர்வே வரைபடம் எல்லாம் அப்புறம்.

குரோமேட் தொழிலில் கதை இப்படித்தான்: குரோமைட் தாதுவை சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து 1,000 டிகிரிக்கு மேல் வறுப்பார்கள். தண்ணீர் விட்டுக் கரைத்தால் சோடியம் குரோமேட் இறங்கும். மிஞ்சிய சக்கைதான் மேட்டில் கிடப்பது. சக்கைக்குள் கரையாமல் தங்கிய குரோமேட் வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கமும், அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஹட்சன் கவுன்டியிலும் இதே சக்கையைப் பள்ளம் மேடு நிரப்பப் போட்டுவிட்டு, ஆலை போன பல காலத்துக்குப் பிறகும் அவஸ்தைப்படுகிறார்கள்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். மேட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்கிறீர்கள். தூரம் அல்ல, திசைதான் முக்கியம். நீரோட்டத்துக்கு மேல்பக்கம் 200 மீட்டரில் இருக்கிற கிணறு தப்பிவிடும், கீழ்ப்பக்கம் ஒரு கிலோமீட்டரில் இருப்பது மாட்டிக்கொள்ளும். திசை தெரிய மூன்று கிணறு போதும். ஒரே நேர்க்கோட்டில் இருக்கக்கூடாது, முக்கோணமாக இருக்கவேண்டும். யாராவது சர்வேயரைப் பிடித்து டம்பி லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) வைத்து மூன்று கிணற்று விளிம்பின் உயரத்தையும் எடுங்கள். போன் ஜி.பி.எஸ். காட்டுகிற உயரம் பல மீட்டர் தப்பும், அதை நம்பாதீர்கள். ஒரே நாளில், மோட்டார் ஓடாத நேரத்தில், விளிம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று டேப் விட்டு அளந்து கழித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். பக்கத்துக் கரும்புக்காரர் நாளெல்லாம் மோட்டார் ஓட்டினால் சாய்வே அவர் பக்கம் திரும்பும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட்மூட்டை எழுதியது:

ஒரு சந்தேகம். தண்ணீர் பூமிக்குள் வருஷத்துக்கு எவ்வளவு தூரம்தான் போகும்? ஒரு கிலோமீட்டர் போக நூறு வருஷம் ஆகாதா?

துளைக்கிணறு எழுதியது:

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. மண் ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் அளவுக்குத் தண்ணீர் கடத்தும் என்று வைப்போம். சிதைந்த பாறை மண்ணில் தண்ணீர் ஓடும் இடைவெளி பத்தில் ஒரு பங்கு. ஒன்றை 0.01-ஆல் பெருக்கி 0.1-ஆல் வகுத்தால் நாளைக்கு 10 சென்டிமீட்டர். வருஷத்துக்கு சுமார் 36 மீட்டர். 30 வருஷத்தில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

கீழே கடினப்பாறை விரிசலில் ஓடினால் இடைவெளி நூறில் ஒரு பங்குதான். வேகம் பத்து மடங்கு. வருஷத்துக்கு 365 மீட்டர்.

சிமென்ட்மூட்டை எழுதியது:

அப்படியானால் 30 வருஷத்தில் 11 கிலோமீட்டர். பாதி மாவட்டமே மஞ்சளாக இருக்க வேண்டுமே! பயமுறுத்தாதீர்கள் ஐயா.

துளைக்கிணறு எழுதியது:

நல்ல கேள்வி, சிரித்துக்கொண்டே கேட்டாலும். விரிசல் தண்டவாளம் மாதிரி நீளமாகப் போவதில்லை. ஐம்பது மீட்டரில் நின்றுவிடும், வேறொன்று பக்கவாட்டில் தொடங்கும். வழியில் மழைநீர் கலந்து நீர்க்கும். மண்ணில் மக்கும் பொருளும் இரும்பும் இருந்தால் ஆறு மூன்றாக மாறி அங்கேயே படியும். ஏரி அடி வண்டல் இந்த வேலையை நன்றாகச் செய்யும். அதனால் கணக்கு சொல்வது 'போயிருக்கக்கூடும்' என்பதை மட்டும். போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் கிணறு.

நம் ஊர்ப் பாறையில் இதுதான் தலைவலி. மணல் பூமியில் மாசு இறகு மாதிரி ஒழுங்காக விரியும், வரைபடத்தில் கோடு போடலாம். கருங்கல் பூமியில் 300 மீட்டரில் இருக்கும் போர் சுத்தம், 800 மீட்டரில் இருப்பது மஞ்சள். இரண்டும் உண்மை. ஒரு போர் நன்றாக இருப்பதை வைத்துப் பக்கத்துப் போருக்குச் சான்றிதழ் கொடுக்கவே கூடாது.

பியூரெட் எழுதியது:

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குரோமேட் மஞ்சள் கண்ணுக்குப் புலப்படவே லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1 மி.கி. வேண்டும். குடிநீர் எல்லையைவிட 20 மடங்கு. 'தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு' என்பது சாட்சி ஆகாது. சந்தையில் விற்கிற டி.டி.எஸ். பேனாவும் உதவாது, அது மொத்த உப்பைத்தான் காட்டும். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

எடுக்கிற முறை: போரில் நின்ற தண்ணீரை எடுக்கக்கூடாது. ஆறரை அங்குலப் போரில் 50 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 1,000 லிட்டர். அதைப்போல மூன்று பங்கு ஓடவிட்டு, மின்கடத்துத்திறன் நிலையானபிறகு எடுங்கள். கிணற்றில் மேலாக மொள்ளாமல் ஒரு மீட்டர் கீழே பாட்டிலை இறக்குங்கள். தெளிவாக இல்லாவிட்டால் களத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டி. ஒரு பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீரையும் அதே பெட்டியில் வைத்து லேபுக்குக் கொடுங்கள், வேறு எண் போட்டு. அதிலும் குரோமியம் வந்தால் பாட்டிலோ லேபோ அழுக்கு.

பாலாற்றுப்பாசி எழுதியது:

சரி, ஒரு விஷயம் கேட்கிறேன். குரோமியம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே 'அது தோல் ஷாப்பு கழிவு' என்று ஆளாளுக்குக் கை காட்டுவார்கள். எங்கள் ஊரில் முப்பது வருஷமாக இதே பாட்டு.

பியூரெட் எழுதியது:

இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

தோல் பதனிட ஷாப்பில் பயன்படுவது 'பேசிக் குரோமியம் சல்பேட்' என்கிற உப்பு. அது மூன்று இணைதிறன் கொண்டது. அதன் கழிவு பெரும்பாலும் சேற்றிலும் ஓடை மண்ணிலும் படிந்துவிடும். ஷாப்பு தண்ணீரின் அடையாளம் வேறு: பச்சைத்தோலில் தடவின உப்பு. சோடியமும் குளோரைடும் எகிறும். குரோமேட் ஆலை சக்கையிலிருந்து வருவதோ ஆறு இணைதிறன். ஆக, கிணற்றில் உப்பு எகிறி குரோமியம் அற்பமாக இருந்தால் ஒரு கதை. ஆழத்துப் போரில் கரைந்த குரோமியம் முழுக்க ஆறாகவே இருந்தால் கதை வேறு. முழு நிரூபணம் இல்லை: குரோம் தோல் துண்டை எரித்தால் மூன்று ஆறாகலாம், மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தாலும் மெதுவாக மாறும். ஆனாலும் மொத்தம், ஆறு, குளோரைடு மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால் யார் பக்கம் விரல் நீட்டலாம் என்று ஓரளவு தெரியும்.

சிமென்ட்மூட்டை எழுதியது:

மண்ணை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? இரண்டு அடி வெட்டி எடுத்துவிட்டுச் செம்மண் அடித்தால் முடிந்தது. நானே செய்து தருவேன். மேட்டுக்கும் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) தூவினால் ஆறு மூன்றாகிவிடும் என்று படித்தேன்.

துளைக்கிணறு எழுதியது:

வெட்டுவதற்கு முன் எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டாமா? ஆகர் (மண் துளைக்கும் திருகு) போட்டு 15 சென்டிமீட்டர், அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று படிப்படியாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலக்கி 'சராசரி' என்று அனுப்பாதீர்கள். ஒரு இடத்தில் கிடக்கும் விஷத்தை ஒன்பது இடத்து நல்ல மண் மறைத்துவிடும். மேட்டுக்குச் சம்பந்தமே இல்லாத, அதே பாறையுள்ள தூரத்து நிலத்திலும் நாலு மாதிரி வேண்டும். சேலம் சுண்ணாம்புக் கரடு பக்கம் ஆலையே இல்லாமலும் மண்ணில் குரோமியமும் நிக்கலும் அதிகம், பாறையின் குணம் அது. அங்கே போய்க் கைத்துப்பாக்கி மாதிரி இருக்கிற எக்ஸ்-கதிர் கருவியை நீட்டினால் அலறும். அந்தக் கருவி மொத்தத்தைத்தான் காட்டும், ஆறா மூன்றா என்று சொல்லாது.

அன்னபேதி விஷயம். தண்ணீரில் வேலை செய்யும், உண்மை. ஆனால் சக்கை கடும் காரம், 11-12 பி.எச். இரும்பு சக்கைக் கட்டிக்குள் நுழையுமுன்பே வெளியே படிந்து வீணாகும். கூடவே போகிற சல்பேட்டு சுண்ணாம்போடும் அலுமினாவோடும் சேர்ந்து எட்ரிங்கைட் படிகமாகி மண்ணை உப்ப வைக்கும். நியூஜெர்சியில் பட்ட அனுபவம். சிமென்ட் வியாபாரம் பார்ப்பவருக்கு எட்ரிங்கைட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சிமென்ட்மூட்டை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. சல்பேட் அரிப்பில் தூண் வெடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வக்காலத்து எழுதியது:

சட்டப் பக்கம் இரண்டு வரி. தோல் கழிவால் பாலாறு கெட்டது பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே சீர்செய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அழுத்திச் சொன்னார்கள். மாசுபட்ட இடங்களை அடையாளம் கண்டு, ஆய்ந்து, சீர்செய்வதற்கென்றே மத்திய அரசின் தனி விதிகள் வந்தது 2025 ஜூலையில்தான். இடையில் 29 வருஷம்.

எந்த அளவில் 'சுத்தம்' என்பதும் சண்டைதான். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் மண்ணில் பாதரசம் கிலோவுக்கு 20 மி.கி. வரை விடலாம் என்று இலக்கு வைத்தார்கள். கீழே சோலை இருக்கிறது, அது போதாது என்று ஊரார் எதிர்த்தார்கள். வடக்குவாசல், நீங்கள் வாங்கிய பிறகு இதெல்லாம் உங்கள் தலைவலி.

வடக்குவாசல் எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மழைக்காகக் காத்திருந்தேன்.

சர்வேயர் நண்பனை வைத்து மூன்று கிணறு அளந்தோம். தண்ணீர் மேட்டுப் பக்கமிருந்து தென்கிழக்காகச் சாய்கிறது. எங்கள் நிலம் நேர் வழியில் இல்லை, ஓரத்தில் உரசிக்கொண்டு இருக்கிறது. ஐஸ் பெட்டியோடு முதல் பஸ் ஏறி, பியூரெட் அக்கா சொன்னபடி நாலு பாட்டிலோடு வேறு லேபுக்குப் போனேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒன்றுமில்லை.

கிணறு: மொத்த குரோமியம் 0.02. போர்: மொத்தம் 0.31, ஆறு 0.29. குளோரைடு இரண்டிலும் சாதாரணம். அந்தப் பழைய ரிப்போர்ட்டுக்குக் கொண்டுபோன தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான் என்று விற்பவரே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

சித்தப்பா முன்பணம் கொடுக்கவில்லை, நல்ல வேளை. விற்பவர் இன்னும் ஒரு லட்சம் குறைப்பதாகச் சொல்கிறார்.

பியூரெட் எழுதியது:

0.31-ல் 0.29 ஆறு. எல்லையைப்போல ஆறு மடங்கு. கலங்கலே இல்லாமல் இருந்திருக்குமே?

வடக்குவாசல் எழுதியது:

பளிங்கு மாதிரி இருந்தது அக்கா.

துளைக்கிணறு எழுதியது:

கிணறு மேல்மண் தண்ணீர், போர் விரிசல் தண்ணீர். கிணற்றுக்கு மழை இறங்கி நீர்த்திருக்கிறது. போர் எத்தனை அடி, கேசிங் (போருக்குள் இறக்கும் குழாய்) எதுவரை என்று கேட்டுப் போடு தம்பி. பங்குனியில் இன்னொரு தடவை எடுத்தால் முழுசாகப் புரியும், வாங்காவிட்டாலும்.

பாலாற்றுப்பாசி எழுதியது:

வாங்க வேண்டாம், சரி. அந்தப் போர்த் தண்ணீரை இப்போது யார் குடிக்கிறார்கள்?

வடக்குவாசல் எழுதியது:

அதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். குத்தகைக்காரக் குடும்பம் ஒன்று மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாலு பேர், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கிணற்றில் பாசி என்று குடிக்கவும் சமைக்கவும் போரில்தான் பிடிக்கிறார்கள். பஞ்சாயத்துக் குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், 400 மீட்டர் நடக்க வேண்டும்.

நேற்று ரிப்போர்ட் நகலோடு போனேன். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, 'துணி துவைக்கலாமா தம்பி?' என்று கேட்டார். பதில் தெரியாமல் நின்றேன். பியூரெட் அக்கா, துவைக்கலாமா?

பியூரெட் எழுதியது:

இந்த அளவில் துவைப்பதால் பெரிய ஆபத்து இல்லை என்று சொல்லுங்கள். கையில் வெடிப்பு, புண் இருந்தால் வேண்டாம். குடிக்க, சமைக்க, பிள்ளைகள் வாய் கொப்பளிக்கக் குழாய்த் தண்ணீர். இரண்டு இருபது லிட்டர் கேன் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ரிப்போர்ட் நகல் ஒன்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், இன்னொன்றைப் பஞ்சாயத்துத் தலைவரிடம்.

வடக்குவாசல் எழுதியது:

கேன் கொடுத்தாயிற்று. முத்திரை திங்கள்கிழமை. போர் 280 அடி, கேசிங் 40 அடி வரை.